ஒரே எழுத்துகள் வரும் ஆங்கிலச் சொற்கள்: பட்டியல் போட்டுப் படித்தால் நிற்குமா?

மார்ச் 4

கேள்வி இதுதான்: "ஆங்கிலச் சொற்களை எழுத்துவாரியாகப் பிரித்துப் பொருளோடு மனப்பாடம் செய்கிறேன். இன்று ஜி என்றால் நாளை எச். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மறந்துபோகிறது. எழுத்தை வைத்துப் படிப்பது சரியான வழிதானா?"

எழுத்தை வைத்துத் தாராளமாகப் படிக்கலாம். முதல் எழுத்தை மட்டும் வைத்துப் படிப்பதால்தான் நிற்கவில்லை. கோஸ்ட், ஜெனரல், ஜிராஃப் மூன்றும் ஜி-யில் தொடங்குகின்றன என்பதைத் தவிர ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அகராதியில் தேட வசதியாக அடுக்கிய வரிசை அது, அதைப் போய்ப் படிக்கும் வரிசையாக எடுத்துக்கொண்டால் மூளைக்குப் பிடிமானமே கிடைக்காது. இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்தே திரும்பத் திரும்ப வரும் சொற்களை எடுத்துப் பாருங்கள்.

ஓர் உதாரணம். இரண்டு என்பதற்கான டூ என்ற சொல்லை டி-டபிள்யூ-ஓ என்று எழுதுகிறோம். நடுவில் ஊமையாக நிற்கும் அந்த டபிள்யூ எதற்கு என்று பள்ளியில் கேட்டால் "அது அப்படித்தான்" என்பார்கள். இப்போது டி-டபிள்யூ சேர்ந்து வரும் சொற்களை வரிசையாகப் படியுங்கள்: ட்வின் (இரட்டையர்), ட்வைஸ் (இரண்டு தடவை), ட்வென்ட்டி (இரண்டு பத்து), பிட்வீன் (இரண்டுக்கு இடையில்), ட்வைன் (இரண்டு புரி சேர்த்து முறுக்கிய கயிறு), ட்வைலைட் (பகலுக்கும் இரவுக்கும் இடைப்பட்ட மங்கல் வெளிச்சம்). எல்லாவற்றிலும் 'இரண்டு' உட்கார்ந்திருக்கிறது. டூ-வில் மட்டும் ஒலி தேய்ந்துபோய் எழுத்து தங்கிவிட்டது. இதைப் பார்த்த பிறகு யாராவது அந்த டபிள்யூவை விட்டுவிட்டு எழுதுவார்களா?

மார்ச் 4, இரவு

ட்வெல்வை விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் கேட்டார். அது தனியாகச் சொல்ல வேண்டிய சொல் என்பதால்தான் மேலே சேர்க்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'இரண்டு மிச்சம்', அதாவது பத்து எண்ணி முடித்த பிறகு இன்னும் இரண்டு மீதி இருக்கிறது. இலெவன் 'ஒன்று மிச்சம்'. பதின்மூன்றிலிருந்துதான் டீன் வருகிறது, இந்த இரண்டு மட்டும் ஏன் தனி வடிவம் என்பதற்கு விடை இதுதான்.

மார்ச் 6

அடுத்தது ஜி-எச். ஆங்கிலம் படிக்கும் எல்லாரும் திட்டுகிற கூட்டணி. நைட், லைட், ரைட், எய்ட், டாட்டர் எல்லாவற்றிலும் ஊமை. லாஃப், காஃப், டஃப், இனஃப் ஆகியவற்றில் ஃப் ஒலி. கோஸ்ட்டில் வெறும் க. இதற்கு விதி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, விதி இல்லாவிட்டாலும் வரலாறு இருக்கிறது, அதைக் கேட்டாலே சொற்கள் மனதில் உட்கார்ந்துவிடும்.

தொண்டைக்குள்ளிருந்து காற்றை உரசி வெளியே விடும் ஓர் ஒலி பழைய ஆங்கிலத்தில் இருந்தது. அதை எச் என்ற ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அந்த ஒலிக்கு ஜி-எச் என்று எழுதும் வழக்கத்தைப் பரப்பினார்கள். பின்னாளில் அந்த ஒலி ஆங்கிலத்திலிருந்து போய்விட்டது. சில சொற்களில் தடமே இல்லாமல் மறைந்தது, சிலவற்றில் ஃப் ஆக மாறியது. அதற்குள் அச்சு வந்து எழுத்து உறைந்துவிட்டது.

இது வெறும் கதை என்று நினைத்தால் ஜெர்மன் மொழியைக் கேளுங்கள். அங்கே அந்த ஒலி இன்னும் உயிரோடு இருக்கிறது: நைட்டுக்கு நாஹ்ட், லைட்டுக்கு லிஹ்ட், எய்ட்டுக்கு ஆஹ்ட், டாட்டருக்கு டோஹ்டர். ஆங்கிலத்தில் ஜி-எச் ஊமையாக நிற்கிற இடத்தில் ஜெர்மனில் அந்தக் காற்றொலி கேட்கிறது. இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அதுவரை எழுத்துப்பிழை வராமல் இருப்பதற்காக உருப்போட்ட சொற்கள் எல்லாம் அன்றைக்குத்தான் ஏன் அப்படி இருக்கின்றன என்று புரிந்தன.

இந்தக் குடும்பத்தில் வெளியாட்களும் உண்டு. டிலைட் பிரெஞ்சிலிருந்து வந்தது, அதில் ஜி-எச் இருந்ததே இல்லை. லைட்டைப் பார்த்து அதே மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கோஸ்ட்டில் இருக்கும் எச் அச்சுக்காரர் கைவேலை. 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன் அதற்கு முன் ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) பக்கம் பல வருடம் இருந்தவர், அந்த ஊர் எழுத்துப் பழக்கம் கூடவே வந்துவிட்டது.

மார்ச் 7

ஜி-எச் என்று சொன்னவுடனே ஃபிஷ் என்பதை ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதலாமே என்ற பழைய வேடிக்கையை ஒருவர் எடுத்துவந்தார். இனஃபில் வரும் ஜி-எச், விமெனில் வரும் ஓ, நேஷனில் வரும் டி-ஐ மூன்றையும் சேர்த்தால் ஃபிஷ். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னதாக உலவுகிறது. ஷா பிறந்தது 1856-இல், இந்த வேடிக்கை 1855-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது. நல்ல வேடிக்கைதான், ஆனால் வாதமாக எடுத்துக்கொண்டால் நிற்காது. சொல்லின் தொடக்கத்தில் ஜி-எச் ஒருபோதும் ஃப் ஆகாது, சொல்லின் கடைசியில் டி-ஐ ஒருபோதும் ஷ் ஆகாது. எழுத்து எங்கே நிற்கிறது என்பதும் கணக்கில் உண்டு.

மார்ச் 9

ஊமை எழுத்துகளைப் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

என் அக்கா மகள் நோட்டில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறாள், எனக்கு மிகவும் பிடித்தது. ஊமை எழுத்து உள்ள சொல்லை எழுதி அந்த எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறாள். அம்புக்குறி போட்டுப் பக்கத்தில், அதே எழுத்து வாய் திறக்கிற இன்னொரு சொல்லை எழுதுகிறாள். சைன் என்பதில் ஜி ஊமை, பக்கத்தில் சிக்னல். ரிசைனுக்குப் பக்கத்தில் ரெசிக்னேஷன். பாம் (வெடிகுண்டு) என்பதில் கடைசி பி ஊமை, பக்கத்தில் பம்பார்ட் (குண்டு வீசு). ஆட்டம் (இலையுதிர் காலம்) என்பதில் என் ஊமை, பக்கத்தில் ஆட்டம்னல். காலம் (தூண், பத்தி) என்றால் காலம்னிஸ்ட். சில வட்டங்களுக்கு அம்புக்குறி இல்லை, அவற்றுக்கு ஜோடி இன்னும் கிடைக்கவில்லையாம். இந்த முறையில் ஓர் எழுத்துப் பிழையும் போகிறது, ஒரு புதுச் சொல்லும் சேர்கிறது.

எம்-என் என்ற கூட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். நெமானிக் (நினைவில் வைக்க உதவும் குறிப்பு) எம்-இல் தொடங்குகிறது, அந்த எம் ஊமை. அம்னீஷியா (நினைவிழப்பு) என்பதில் அதே எம் ஒலிக்கிறது. அம்னெஸ்டி என்றால் பொதுமன்னிப்பு, கிரேக்கத்தில் அதன் பொருள் மறதி, அதாவது செய்த குற்றத்தை அரசு மறந்துவிடுகிறது. மூன்றுக்கும் வேர் நினைவு. கிரேக்கர்களின் நினைவுத் தெய்வத்தின் பெயர் நெமோசினி, அதுவும் இதே எம்-என்.

கே-என் கேட்டவருக்கு: நீ (முழங்கால்), நைஃப், நாட் (முடிச்சு), நோ (அறிதல்) எல்லாவற்றிலும் முன்பு கே ஒலித்தது, பதினேழாம் நூற்றாண்டு வாக்கில்தான் கைவிட்டார்கள். ஜெர்மனில் முழங்கால் இன்றும் க்னீ. நோ என்பதில் இன்னும் ஆழம் இருக்கிறது. அதே பழைய வேர் லத்தீனிலும் கிரேக்கத்திலும் ஜி-என் என்ற உருவத்தில் தங்கியது. ரெகக்னைஸ் (அடையாளம் அறிதல்), டயக்னோசிஸ் (நோயை அறிதல்), அக்னாஸ்டிக் (கடவுள் உண்டா என்பதை அறிய முடியாது என்பவர்), இக்னரன்ட் (அறியாதவர்). கே-என் ஒன்றையும் ஜி-என் நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள், எல்லாம் 'அறி' என்ற ஒன்றையே சுற்றுகின்றன.

மார்ச் 10

"எல்லா ஊமை எழுத்தும் முன்பு பேசியவைதானா?" இல்லை, இதில் கவனம் வேண்டும். சில எழுத்துகளைப் படித்தவர்கள் பிற்பாடு வலிந்து நுழைத்தார்கள். டெட் (கடன்), டௌட் (சந்தேகம்) இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்தபோது பி கிடையாது. லத்தீனில் டெபிடும், டுபிடாரே என்று இருக்கிறதே, அந்தப் பெருமை தெரிய வேண்டாமா என்று பி-யைச் சேர்த்தார்கள். ரிசீட் (ரசீது) என்பதில் இருக்கும் பி-யும் (இது பென் என்பதில் வரும் பி) அந்த வகைதான். அதே குடும்பத்தைச் சேர்ந்த டிசீட் (ஏமாற்று), கன்சீட் (தற்பெருமை) இரண்டுக்கும் பி போடாமல் விட்டுவிட்டார்கள் என்பது படிக்கிறவன் தலையெழுத்து.

ஐலண்ட் இன்னும் மோசம். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல், எஸ் இருந்ததே இல்லை. ஐல் என்ற பிரெஞ்சு வழிச் சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்து எஸ்-ஐச் செருகினார்கள். அரிவாள் வகையான சைத் என்பதில் சி-யும் அப்படியே, லத்தீனில் வெட்டுவதற்கான சொல்லோடு முடிச்சுப் போட்டதால் வந்தது. ஐந்நூறு வருடம் முன்பு யாரோ தப்பாகக் கணித்ததற்கு இன்றைக்கும் குழந்தைகள் மதிப்பெண் இழக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

மார்ச் 13

ஜி-எல் என்று தொடங்கினால் வெளிச்சம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். கிளிட்டர் (மினுமினுத்தல்), கிளீம் (ஒளிர்தல்), க்ளோ (கனன்று ஒளிர்தல்), கிளின்ட் (சட்டென மின்னல்), கிளிஸன் (ஈரத்தில் பளபளத்தல்), கிளாஸ். அழகான வரிசைதான். கிளாட் என்ற மகிழ்ச்சிச் சொல்கூட முதலில் 'பிரகாசமான' என்ற பொருளில் இருந்தது. இந்த மாதிரி, முழு வேர்ச்சொல்லாக இல்லாமல் ஒலிக்கூட்டு மட்டும் ஒரு சாயலைச் சுமக்கும் வழக்கத்துக்கு ஜே. ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர் 1930-இல் ஃபோனஸ்தீம் என்று பெயர் வைத்தார்.

எஸ்-என் இன்னொன்று. ஸ்னௌட் (விலங்கின் மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி), ஸ்னிஃப் (மோந்து பார்த்தல்), ஸ்னோர் (குறட்டை), ஸ்னார்ட் (மூக்கால் சீறுதல்), ஸ்னாட் (சளி), ஸ்னியர் (மூக்கைச் சுளித்து ஏளனம்). எல்லாம் மூக்கு. இதில் ஸ்னீஸ் (தும்மல்) கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் அது எஃப்-என் என்று தொடங்கியது. எஃப்-என்-இல் தொடங்கும் சொற்கள் வழக்கொழிந்துகொண்டிருந்தன, அப்போது வழங்கிய நெட்டை எஸ் பார்வைக்கு எஃப் போலவே இருக்கும், அதோடு மூக்குச் சொற்களெல்லாம் எஸ்-என் பக்கம் நிற்கின்றன. தும்மலும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. எழுத்துக்கூட்டு ஒரு சொல்லைத் தன் பக்கம் இழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

மார்ச் 14

நேற்று எழுதியதற்கு ஒரு கடிவாளம் போட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது தேர்வில் இதை நம்பிப் பொருள் எழுதிவிடுவார்கள். க்ளூ (பசை), க்ளவ் (கையுறை), க்ளட்டன் (பெருந்தீனிக்காரர்) எதிலும் வெளிச்சம் இல்லை. ஸ்னேக், ஸ்னோ, ஸ்னெயில் எதிலும் மூக்கு இல்லை. தெரிந்த சொற்களை ஒன்றாகக் கட்டி வைக்க ஃபோனஸ்தீம் நல்ல கயிறு, தெரியாத சொல்லுக்குப் பொருள் ஊகிக்க அதை நம்பக் கூடாது. ஊகிப்பதற்கு லத்தீன், கிரேக்க வேர்கள்தான் சரி, அதிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

மார்ச் 17

கண்ணைத் திறந்து என்றேன், காரணம் பி-இ-டி. லத்தீனில் அது பாதம்: பெடல், பெடஸ்ட்ரியன் (நடந்து போகிறவர்), சென்டிபீட் (பூரான், 'நூறு கால்'), எக்ஸ்பெடைட் (விரைவுபடுத்து, காலில் இருந்த தளையை அவிழ்த்துவிடுவது). அப்படியானால் பீடியாட்ரிஷியன் பாத மருத்துவரா? குழந்தை மருத்துவர். அது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, பெடகாக் என்ற ஆசிரியச் சொல்லும் அதே வீட்டுப் பிள்ளை. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் குழந்தை மருத்துவருக்கு நடுவில் ஓர் ஏ கூடுதலாக வரும், அதை வைத்துப் பிரித்துவிடலாம். அமெரிக்க எழுத்துமுறையில் அந்த உதவி கிடையாது.

பெடிக்ரீ (வம்சாவளி) எந்தப் பக்கம் என்று கண்டுபிடியுங்கள் என்று வகுப்பில் கேட்டால் எல்லாரும் குழந்தைப் பக்கம் என்பார்கள், வம்சம் அல்லவா. விடை பாதம். பழைய பிரெஞ்சில் 'கொக்கின் கால்'. வம்சாவளிப் படத்தில் கிளை பிரியும் கோடு மூன்று விரல் பிரிந்த கொக்குப் பாதம் மாதிரி இருந்ததால் வந்த பெயர்.

ஐ-என் இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் ஒரே எழுத்து 'இல்லை' என்றும் வரும் 'உள்ளே' என்றும் வரும். இன்கரெக்ட் என்றால் சரியில்லாதது. இன்ஃபிளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, அதன் பொருள் தீப்பற்றக்கூடியது. இந்தக் குழப்பத்தால்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில் ஃபிளேமபிள் என்றே எழுதுங்கள் என்று வலியுறுத்தியது. டேங்கர் வண்டியின் பின்னால் பெரிய எழுத்தில் இருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும்.

மார்ச் 18

ஏ-எல் என்றால் அரபு என்று ஒருவர். பாதி சரி. அரபில் அல் என்பது ஆங்கிலத்தில் தி சொல்வது மாதிரி. ஆல்ஜீப்ரா, அல்-குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய கணித நூலின் தலைப்பில் இருந்த அல்-ஜப்ர். அல்காரிதம் அவருடைய பெயரே. ஆல்கஹால், ஆல்கலி (காரம்), ஆல்கோவ் (சுவரில் உள்வாங்கிய மாடம்) எல்லாம் அரபுதான்.

அலாரம் இத்தாலியன், 'ஆயுதம் எடுங்கள்' என்ற கூவல். அலிகேட்டர் ஸ்பானியம், எல் லகார்ட்டோ, அதாவது 'அந்தப் பல்லி'. அலோன் சுத்தமான ஆங்கிலம், ஆல் ஒன், முழுக்க ஒருவராக. ஆமண்ட் (பாதாம்) கிரேக்கத்திலிருந்து வந்தது, அங்கே முதல் ஏ-வை அடுத்து எல் கிடையாது, அரபுச் சொற்களைப் பார்த்துப் பார்த்து அதற்கும் ஓர் எல் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 22

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மட்டும். சீட் என்று ஒலித்து முடியும் வினைச்சொற்களில் சி-இ-இ-டி என்று எழுதப்படுபவை மூன்றே மூன்று: எக்ஸீட், ப்ரொசீட், சக்ஸீட். எஸ்-இ-டி-இ என்று முடிவது சூப்பர்சீட் ஒன்றுதான். ப்ரிசீட், ரிசீட் (பின்வாங்கு), கன்சீட் (விட்டுக்கொடு), இன்டர்சீட் என்று மற்றவை சி-இ-டி-இ. சூப்பர்சீட் ஏன் ஒதுங்கி நிற்கிறது என்றால் அதன் வேர் வேறு: மற்றவை 'செல்', இது 'உட்கார்', ஒன்றின் மேல் போய் உட்கார்ந்து அதன் இடத்தைப் பிடிப்பது.

ஜி-ஆர்-ஒய் என்று முடியும் மூன்றாவது சொல் எது என்ற புதிரையும் கேட்டிருக்கிறீர்கள். ஆங்ரி, ஹங்ரி, அப்புறம்? பேச்சில் புழங்கும் மூன்றாவது சொல் கிடையாது. பெரிய அகராதிகளைக் கிண்டினால் அக்ரி என்று ஒரு வகைப் பழைய கண்ணாடி மணி கிடைக்கும். அதற்காக ஒரு மாலையைச் செலவழிக்காதீர்கள்.

மார்ச் 26

"அப்படியானால் எந்தக் கூட்டில் தொடங்குவது?" என்று முதலில் கேட்டவரே திரும்பக் கேட்கிறார். எஸ்-பி-இ-சி-டி. லத்தீனில் பார். இன்ஸ்பெக்ட் (உள்ளே பார்), ரெஸ்பெக்ட் (திரும்பிப் பார், அதாவது மதி), சஸ்பெக்ட் (கீழ்க்கண்ணால் பார், அதாவது சந்தேகி), ப்ராஸ்பெக்ட் (முன்னே பார், அதாவது எதிர்கால வாய்ப்பு), ஸ்பெக்டேட்டர் (பார்வையாளர்). எக்ஸ்பெக்டும் இதில்தான் சேரும், வெளியே பார்த்துக் காத்திருப்பது. எக்ஸ் ஒலிக்குள்ளேயே ஸ் இருப்பதால் தனி எஸ் விழுந்துவிட்டது. முன்னொட்டு என்ன செய்கிறது என்பது இந்த ஒரு கூட்டத்திலேயே பிடிபட்டுவிடும், அப்புறம் டக்ட் (வழிநடத்து), போர்ட் (சுமந்து செல்), ஸ்கிரைப் (எழுது) என்று எங்கே போனாலும் அதே முன்னொட்டுகள்தான் வரவேற்கும்.

அகராதியில் பொருளோடு நிறுத்தாமல், பதிவின் கடைசியில் இருக்கும் சொல் வரலாற்றையும் படியுங்கள். அந்த ஒரு வரியில்தான் இரண்டு சொற்கள் உறவா, பார்க்க மட்டும் ஒரே மாதிரியா என்பது தெரியும்.

மார்ச் 30

நம்ப் (மரத்துப்போன) என்பதன் ஊமை பி-க்கு ஜோடி கிடைக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அக்கா மகள் முறையைப் பின்பற்றுகிறார் போலிருக்கிறது. ஜோடி உண்டு: நிம்பிள் (சுறுசுறுப்பான). பொருள் நேர் எதிராக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். இரண்டுக்கும் வேர், 'எடு' என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினை. சட்டென்று எடுக்கக்கூடியவர் நிம்பிள். உணர்ச்சி எடுக்கப்பட்டுவிட்டது என்றால் நம்ப். பி இரண்டிலுமே முதலில் இல்லை, பிற்பாடு வந்தது. நிம்பிளில் அது நாக்கு வசதிக்காக வந்து ஒலித்துக்கொண்டிருக்கிறது, நம்பில் மற்ற எம்-பி சொற்களைப் பார்த்து எழுத்தில் மட்டும் ஏறிக்கொண்டது. தம்ப் (கட்டைவிரல்) என்பதற்கும் இதே மாதிரி திம்பிள் (தையல்காரர் விரலுறை) இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.